கிளிப் போன இடமும் சத்தம் வரும் இடமும்: சிறிய கார்ப் பழுதுகளை அறிகுறி பார்த்து நீக்கும் வழிமுறை

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் வழியில், தொப்பூர் கணவாய் இறக்கத்தில், ஒரு நாள் எங்கள் காரின் முன்பக்க இடது சக்கரத்திலிருந்து படபடவென்று சத்தம் எழுந்தது. ஓரமாக நிறுத்த இடம் கிடைத்ததும் இறங்கிப் பார்த்தேன். மட்கார்டுக்கு உட்புறம் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் லைனிங் தொங்கி, டயரில் உரசிக்கொண்டிருந்தது. உரசிய இடம் வழவழப்பாகி, அதன் ஓரம் சூட்டில் சுருண்டிருந்தது. இரண்டு வாரங்களுக்கு முன் பம்பருக்கு டிங்கர் வேலை பார்த்த பட்டறையில் அந்த லைனிங்கைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். ஏழு கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தன. மற்ற நான்கும் பட்டறைத் தரையிலேயே குப்பையோடு போயிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு, காரில் எந்தச் சத்தம் கேட்டாலும் முதலில் நான் தேடுவது காலியாக இருக்கும் துளையைத்தான். வீட்டில் இருந்தபடியே தீர்க்கக்கூடிய சிறு பழுதுகளில் பல, கழன்ற கிளிப், தளர்ந்த கிளாம்ப் (குழாயைச் சுற்றி இறுக்கும் வளையம்), உடைந்த பிடிப்பு ஆகிய மூன்றில் ஒன்றில்தான் போய் முடிகின்றன. அந்த நேரத்தில் சரியான அளவுக் கிளிப் கைவசம் இருந்தால் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இல்லையென்றால் அதே வேலை இரண்டு நாள் அலைச்சலாகிவிடும். ஆகவே, அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிப்பதையும், கழற்றிய சிறு பொருள்களைச் சேர்த்து வைப்பதையும் பிரிக்காமல் இங்கே சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு பழக்கம் தேவை. எதைக் கழற்றினாலும், எத்தனை கிளிப், எத்தனை ஸ்க்ரூ வந்தன என்பதை எண்ணி ஒரு கிண்ணத்தில் போட வேண்டும். மாட்டி முடித்த பிறகு கிண்ணம் காலியாக இருக்க வேண்டும். நீளமான ஸ்க்ரூவும் குட்டையான ஸ்க்ரூவும் கலந்து வந்தால், அவை இருந்த இடத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வது நல்லது. நீளமான ஸ்க்ரூவைத் தவறான இடத்தில் முடுக்கினால் அது மறுபுறம் இருக்கும் வயரையோ பெயின்ட்டையோ துளைத்துவிடும்.

வேகம் கூடினால் அடியிலிருந்து படபடவென்ற சத்தம்

வண்டி நிற்கும்போது ஆக்சிலேட்டரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். அப்போது சத்தம் இல்லாமல், தேசிய நெடுஞ்சாலை 44-இல் 60 கி.மீ. வேகத்தைத் தாண்டும்போது மட்டும் கேட்டால், எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. காற்று ஏதோ ஒரு தகட்டைத் தூக்கி அடிக்கிறது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் கவர், சக்கரத்து லைனிங், பம்பரின் கீழ் உதடு ஆகியவற்றைக் கையால் பிடித்து அசைத்தால் தளர்ந்த இடம் உடனே தெரியும். அடியில் படுத்துப் பார்க்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் உள்ளே போகக் கூடாது. சமதரையில், தாங்கி முட்டுகளின் (ஜாக் ஸ்டாண்ட்) மீது வண்டியை இறக்கி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் கொடுத்த பிறகே தலையை உள்ளே நீட்ட வேண்டும். சக்கரத்தை முழுவதும் ஒடித்து வைத்தாலே லைனிங்கின் பெரும்பாலான கிளிப்கள் வெளியிலிருந்தே கைக்கு எட்டும்.

இந்த இடங்களில் வருவது பெரும்பாலும் இரண்டு துண்டால் ஆன புஷ் கிளிப். இதன் அமைப்பைக் கையில் வைத்து ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டால், பிறகு ஒன்றுகூட உடையாது. வெளித்துண்டுக்குத் தட்டையான தலையும், கீழே பிளந்த கால்களும் இருக்கும். நடுவில் ஒரு முளை இருக்கும். முளை உள்ளே இறங்கும்போது கால்கள் விரிந்து துளையின் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும்; முளை விலகினால் கால்கள் மீண்டும் ஒடுங்கும். ஆகவே, முதலில் முளையை மட்டும் தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் மேலே கிளப்ப வேண்டும். அது நான்கைந்து மி.மீ. எழுந்த பிறகுதான் வெளித்துண்டை இழுக்க வேண்டும். முளையைத் தொடாமல் தலைக்கு அடியில் நெம்பினால், விரிந்திருக்கும் கால்கள் அப்படியே முறிந்து உள்ளே விழும். பட்டறைகளில் கிளிப் உடைவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான்.

இன்னொரு வகையில் முளையைக் கிளப்புவதற்கு விளிம்பே இருக்காது. அதை இரண்டு மூன்று மி.மீ. உள்ளே அழுத்தினால்தான் பூட்டு விடும். மீண்டும் மாட்டுவதற்கு முன் முளையைக் கீழிருந்து தள்ளி, தலைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும்படி வைக்க வேண்டும். துளையில் நுழைத்த பிறகு தலையோடு சமமாகும்வரை மட்டும் அழுத்த வேண்டும். இவ்விரண்டு வகைக்கும் வேறுபாடு தெரியாமல் அழுத்த வேண்டியதை நெம்பி உடைத்தவர்களில் நானும் ஒருவன்.

கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் லாரிகள் ஓடும் சாலைகளில் போய்வரும் வண்டிகளில், முளைக்கும் உறைக்கும் இடையே மாவு போன்ற கல்தூள் இறுகிவிடும். அத்தகைய கிளிப்பை வலுவாக இழுக்காமல், முதலில் தண்ணீர் பீய்ச்சித் தூளைக் கரைக்க வேண்டும். கழற்றிய பிறகு சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் புதிதுபோல் வேலை செய்யும்.

காலியான துளைக்கு எந்தக் கிளிப் பொருந்தும் என்பதற்குத் துளையின் விட்டம்தான் முதல் அளவு. 6 முதல் 10 மி.மீ. வரையிலான துளைகளே அதிகம் காணப்படும். வெர்னியர் அளவுகோல் இல்லாதவர்கள், அளவு பொறிக்கப்பட்ட டிரில் பிட்டின் அடிப்பகுதியைத் துளைக்குள் நுழைத்துப் பார்த்தால் போதும். அடுத்தது, இணைக்கப்படும் தகடுகளின் மொத்தத் தடிமனுக்கு ஏற்ற கால் நீளம். துளையே கிழிந்து பெரிதாகியிருந்தால் அகலமான பிளாஸ்டிக் வாஷரை இடையில் கொடுத்துக் கிளிப்பை மாட்டலாம். கேபிள் டை போட்டுக் கட்டுவது ஊர் வந்து சேர்வதற்கு மட்டுமே. சைலன்சர் குழாய்க்கு அருகில் அதையும் கட்டக் கூடாது, சூட்டில் அறுந்துவிடும்.

கதவைச் சாத்தும்போது கடகடப்பு, அல்லது கதவுக்குள்ளிருந்து அதிர்வு

கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் டோர் பேடின் ஓரத்தைக் கையால் அழுத்திக்கொண்டே இன்னொருவரைப் பாட்டை ஒலிக்கவிடச் சொல்லுங்கள். அழுத்தும்போது அதிர்வு நின்றால், அந்த இடத்துக்குப் பின்னால் ஒரு கிளிப் விட்டிருக்கிறது. கைப்பிடிக் குழியிலும், உள்ளே திறக்கும் கைப்பிடிக்குப் பின்னாலும் மூடிக்குள் மறைந்திருக்கும் ஸ்க்ரூக்களை முதலில் எடுத்துவிட்டு, பேடின் கீழ் ஓரத்திலிருந்து பிளாஸ்டிக் நெம்பியால் ஒவ்வொரு கிளிப்பாக விடுவிக்க வேண்டும். இரும்பு ஸ்க்ரூ டிரைவர் பெயின்ட்டைச் சுரண்டிவிடும். அந்தச் சுரண்டலிலிருந்து துரு ஏறும்.

கிளிப் நைலானால் ஆனது; வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்து ஈரம் வற்றிய நைலான் எளிதில் முறியும். மார்கழிக் குளிரில் அதிகாலையில் இந்த வேலையைத் தொடங்குவது கூடாது. வண்டியை இளவெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தி, கதவு வெதுவெதுப்பான பிறகு கழற்றினால் பத்தில் ஒன்பது கிளிப் முழுதாக வரும்.

பேட் வெளியே வந்ததும் சில கிளிப்கள் கதவின் தகட்டிலேயே தங்கியிருக்கும். அவற்றை நோஸ் பிளேயரால் ஒடுக்கி எடுத்து, பேடில் அவற்றுக்குரிய குழியில் பக்கவாட்டில் நுழைத்து, எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கதவில் வைத்து உள்ளங்கையால் தட்டி இறக்க வேண்டும். தகட்டில் தங்கிய கிளிப்பின்மேல் பேடை அடித்து மாட்டினால், பேடில் உள்ள குழிதான் உடையும்; கிளிப்புக்கு மாற்று உண்டு, குழிக்கு மாற்று கிடையாது. கிளிப்பின் கழுத்தில் மெல்லிய ரப்பர் அல்லது ஃபோம் வளையம் இருந்தால் அதையும் தவறவிடக் கூடாது. சத்தத்தையும் கதவுக்குள் இறங்கும் மழைநீரையும் தடுப்பது அந்த வளையம்தான். பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பிய்த்தெறிந்தால், அடுத்த மழையில் காலடிக் கம்பளம் நனையும். ஏற்கெனவே நனைகிறது என்றால், கதவின் கீழ் விளிம்பில் உள்ள வடிகால் துளைகளை ஒரு குச்சியால் குத்தி மண்ணை எடுத்துவிட்டு, தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கைப்பிடியை இழுத்தால் கதவு திறக்கவில்லை

பின்கதவு உள்ளிருந்து மட்டும் திறக்கவில்லை என்றால், முதலில் குழந்தைகளுக்கான பூட்டு போடப்பட்டிருக்கிறதா என்று கதவின் விளிம்பில் பார்த்துவிடுங்கள். அது இல்லையென்றால் கைப்பிடியின் இழுவையைக் கவனிக்க வேண்டும். வழக்கமான எதிர்ப்போடு வருகிறது, ஆனால் கதவு திறக்கவில்லை என்றால் பழுது பூட்டில் இருக்கிறது. அது பட்டறை வேலை. எந்த எதிர்ப்பும் இல்லாமல் கைப்பிடி லொடலொடவென்று வந்தால், கைப்பிடிக்கும் பூட்டுக்கும் இடையே ஓடும் கம்பி கழன்றிருக்கிறது. கம்பியைப் பிடித்திருந்த சிறு பிளாஸ்டிக் லாக் உடைந்து கதவின் அடியில் கிடக்கும். சில வண்டிகளில் கம்பிக்குப் பதிலாகக் கேபிள் இருக்கும், அங்கும் அதன் முனைப் பிடிப்பையே பார்க்க வேண்டும்.

நகக்கண் அளவே இருக்கும் அந்த லாக்கின் ஒரு பக்கத்தில் உள்ள முளை நெம்புகோலின் துளைக்குள் நுழையும். மறுபக்கத்தில் உள்ள சிறு கை சுழன்று வந்து கம்பியைக் கவ்விக்கொள்ளும். இடது கதவுக்கும் வலது கதவுக்கும் எதிரெதிர்த் திசையில் வளைந்த வெவ்வேறு லாக்குகள் வருவதுண்டு. ஆகவே உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டே மாற்றுத் தேட வேண்டும். தருமபுரியில் நான் போன ஸ்பேர்ஸ் கடைக்காரர் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது தனியா வராதுங்க சார், முழு ஹேண்டில் செட்டாத்தான் வாங்கோணும்” என்றார். 2014-இல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 போன்ற பழைய வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதில் அடிக்கடி கிடைக்கும். அதனால்தான் உடைந்த கைப்பிடியையோ பழைய பூட்டையோ தூக்கிப் போடுவதற்கு முன், அதிலிருக்கும் லாக், ஸ்பிரிங், ரப்பர் புஷ் ஆகியவற்றைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் வலியுறுத்துகிறேன். அந்த முறை என்னைக் காப்பாற்றியது, பக்கத்து வீட்டு அண்ணன் எடைக்குப் போட வைத்திருந்த பழைய கைப்பிடியில் இருந்த லாக்தான்.

கட்டுக்கம்பியைச் சுற்றி ஒப்பேற்றும் வழக்கம் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். கம்பி நழுவும் நாள் விபத்து நடந்த நாளாக இருந்தால், உள்ளே இருப்பவர் கதவைத் திறந்து வெளியே வர முடியாது.

வைப்பர் ஓடுகிறது, தண்ணீர் பீய்ச்சவில்லை

சுவிட்சை அழுத்தும்போது மோட்டாரின் மெல்லிய முனகல் கேட்கிறதா என்று எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் திருகிக் கவனியுங்கள். முனகலே இல்லையென்றால் ஃபியூஸையும், மோட்டாரில் செருகியிருக்கும் வயர் முனையையும் பார்க்க வேண்டும். முனகல் கேட்டும் தண்ணீர் வரவில்லை என்றால், தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் நாசிலிலிருந்து ஹோஸைக் கழற்றி மீண்டும் அழுத்துங்கள். ஹோஸ் முனையில் தண்ணீர் நன்றாக வந்தால் அடைப்பு நாசிலில்தான்.

எங்கள் பக்கத்தில் இந்த அடைப்புக்குக் காரணம் போர் தண்ணீரின் உப்பு. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு குடிப்பதற்குக் காவிரித் தண்ணீர் கிடைத்தாலும், காரின் தொட்டியை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பும் வழக்கம் போகவில்லை. அது பானட்டின் சூட்டில் நாசில் வாயிலேயே காய்ந்து வெள்ளையாகப் பூக்கிறது. நாசிலைக் கழற்றிச் சிறிது நேரம் வினிகரில் ஊறவைத்து, மெல்லிய தையல் ஊசியால் வாயைச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வடிகட்டி ஊற்றுவது இதற்கு நல்ல மாற்று. ஹோஸ் முனையிலும் தண்ணீர் வரவில்லை என்றால், பானட் கீல் அருகே மடிந்து விரிந்து வெடித்த இடத்தையோ, இணைப்புத் துண்டிலிருந்து கழன்ற முனையையோ தேடுங்கள். அந்த டி வடிவ இணைப்புத் துண்டும் சேர்த்து வைக்க வேண்டிய பொருள்தான்.

கூலன்ட் குறைகிறது, இனிப்பு வாடை வருகிறது

கூலன்ட் என்பது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு மட்டும் இந்த வேலையைத் தொடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். ஹோஸ் முனைகளில் வெள்ளை, பச்சை அல்லது செந்நிறப் பொருக்கு படிந்திருந்தால், அங்கேதான் கசிவு. ஸ்க்ரூ வைத்த கிளாம்ப் என்றால், ஹோஸ் அசையாத அளவுக்கு இறுக்கினால் போதும். ரப்பர் பட்டைக்கு வெளியே பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் கிளாம்ப்பே ஹோஸை அறுத்துவிடும். ஸ்பிரிங் கிளாம்ப் இருந்த இடத்தில் அதையே மீண்டும் போடுவதுதான் சரி. ஹோஸ் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கும் அளவுக்கு அது தானே ஈடுகொடுக்கும். அதைப் பழசு என்று ஒதுக்கிவிட்டு ஸ்க்ரூ கிளாம்ப் மாட்டிய வண்டிகளில் சில மாதங்களில் மீண்டும் கசிவதைப் பார்த்திருக்கிறேன். ஹோஸ் உப்பியோ வெடித்தோ இருந்தால் கிளாம்ப்பால் பயனில்லை, ஹோஸைத்தான் மாற்ற வேண்டும். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் வெப்பமுள் சிவப்பை நெருங்கினால் ஏ.சி.யை அணைத்து, ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

நிற்கும்போது தகரம் அதிர்வது போன்ற சத்தம்

எஞ்சின் மெதுவாக ஓடும்போது கேட்டு, ஆக்சிலேட்டரைத் தொட்டதும் மறைந்தால், சைலன்சர் குழாயின்மேல் உள்ள வெப்பத்தடுப்புத் தகட்டைப் பாருங்கள். அதன் போல்ட் துளை துருப்பிடித்துப் பெரிதாகியிருக்கும். ஆறிய பிறகு, எவர்சில்வர் ஸ்க்ரூ கிளாம்ப் ஒன்றைத் தகட்டோடு சேர்த்துக் குழாயைச் சுற்றி முடுக்கினால் போதும்.

ஒரு விளக்கோ ஹாரனோ மட்டும் வேலை செய்யவில்லை

ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் உள்ள படத்தைப் பார்த்து அதற்குரிய ஃபியூஸை உருவி, நடுவில் உள்ள இழை அறுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தட்டை ஃபியூஸ்களில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. அதே நிறத்தையே திரும்பப் போட வேண்டும். பெரியதைப் போட்டால் ஃபியூஸுக்குப் பதிலாக வயர் எரியும். புதியதும் உடனே அறுந்தால் எங்கோ வயர் உரசுகிறது என்று பொருள், எலக்ட்ரீஷியனிடம் போய்விடுங்கள். வயர்க் கட்டைத் தகட்டோடு பிடித்திருக்கும் கிளிப் போனதாலும் இந்த உரசல் வரும் என்பதை அவரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிக்கிப் பக்கம் இருந்து சிறு சத்தங்கள்

மாம்பழப் பருவத்தில் தோட்டத்திலிருந்து பெட்டி ஏற்றிவரும் கார்களில், டிக்கியின் உட்பக்கத் தகடுகள் இடிபட்டுக் கிளிப் விட்டிருக்கும். ஜாக்கியும் ஸ்பேனரும் அவற்றுக்குரிய பிடியில் இல்லாமல் உருண்டுகொண்டிருக்கும். இவ்விரண்டும் இல்லையென்றால் நம்பர் பிளேட்டைத் தட்டிப் பாருங்கள். உயர் பாதுகாப்புப் பிளேட்டின் பூட்டு ஒருமுறை மட்டுமே மாட்டக்கூடியது, ஆகவே அதைக் கழற்றாமல், பின்புறம் ஃபோம் டேப்பைச் செருகிவிடுங்கள்.

எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது

பழைய கிளிப்பை எடுத்து வைப்பதற்கு முன் அதன் கால்களை விரலால் மெதுவாக ஒடுக்கிப் பார்க்க வேண்டும். மடங்கும் இடத்தில் வெண்கோடு தெரிந்தால் நைலான் உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கிறது; அது குப்பைக்கு. காய்ந்திருந்தாலும் கோடு விழாத கிளிப்பை மாட்டும் முன் சில நிமிடம் சுடுதண்ணீரில் போட்டால் இளகும். பிரேக், ஸ்டியரிங், சக்கர அச்சு ஆகியவற்றில் வரும் ஸ்பிளிட் பின்னை (நுழைத்த பிறகு இரு கால்களையும் விரித்து மடக்கும் பின்) எந்த நிலையிலும் இரண்டாம் முறை பயன்படுத்தக் கூடாது. பெட்ரோல் குழாய்க் கிளிப்புகளையும், பக்கவாட்டுக் கண்ணாடியோரம் திரைபோல் விரியும் ஏர்பேக் இருக்கும் வண்டிகளில் முன்கண்ணாடி ஓரத் தூண் கவரின் கிளிப்புகளையும் வீட்டு வேலையில் சேர்க்காதீர்கள்.

என்னிடம் இருப்பது, மூடியின் கீல் போனதால் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்ற அஞ்சறைப் பெட்டி. கடுகு இருந்த கிண்ணத்தில் 7 மி.மீ. வரையிலான புஷ் கிளிப், சீரகக் கிண்ணத்தில் 8 முதல் 10 மி.மீ. வரை, மிளகுக் கிண்ணத்தில் டோர் பேட் கிளிப், நடுக் கிண்ணத்தில் கம்பி லாக்குகள், மற்றவற்றில் யூ வடிவத் தகட்டுக் கிளிப், ரப்பர் புஷ், ஃபியூஸ் என்று பிரித்திருக்கிறேன். கிளாம்ப்கள் மட்டும் தனி டப்பாவில். எந்த வண்டியின் எந்த இடத்திலிருந்து வந்தது என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி உடன் போடுகிறேன். சீட்டில்லாத கம்பி லாக் ஆறு மாதத்தில் யாருக்கும் அடையாளம் தெரியாது. ஒவ்வொரு வகையிலும் உடைந்தது ஒன்றையும் வைத்திருக்கிறேன், ஏனென்றால் கடையில் முதல் கேள்வி “சாம்பிள் இருக்குங்களா?” என்பதுதான். பெட்டியைக் காருக்குள் வைப்பதில்லை. சித்திரை வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் சூடு நைலானைக் கெடுக்கும். பயணத்துக்கு மட்டும் நான்கைந்து கிளிப், இரண்டு ஃபியூஸ், சில கேபிள் டை ஒரு சிறு பையில் போகும்.

பம்பர் வேலைக்குப் பட்டறையில் விடும்போது, கழற்றும் கிளிப்புகளைப் போட ஒரு காலி டப்பாவையும் நானே கொடுத்துவிடுகிறேன். வண்டியை எடுக்கும்போது இரண்டு முன்சக்கரங்களையும் ஒடித்து வைத்து, லைனிங்கின் கிளிப்புகளைப் பக்கத்துக்கு ஏழு என்று எண்ணிப் பார்த்த பிறகே பணம் கொடுக்கிறேன்.